இரத்தம் திரும்பியபின் இருதயம் தடுமாறுவது ஏன்?

மாரடைப்பு என்னும் சொல் நம் கடைத்தெருக்களுக்குப் புதிதன்று. ஆனால் அடைப்பு நீங்கியபின் என்ன நேர்கிறது என்பதை அறிந்தவர் நம்மவர்களுள் சிலரே. "குழாயைத் திறந்தாயிற்று, இனிப் பயமில்லை" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உறவினர் மூச்சு விடும் அதே வேளையில், உள்ளே கட்டிலருகில் உள்ள கருவி கீச்சிடத் தொடங்குவதுண்டு. திரையில் ஒழுங்காக ஓடிய கோடு தாறுமாறாகிறது. தாதிமார் விரைகின்றனர். திரும்பி வந்த இரத்தமே இந்தக் கலக்கத்துக்குக் காரணம் என்றால் நம்பச் சற்றுக் கடினமாகத்தான் இருக்கும். நாம் டாக்டர் அல்லர். படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்கு விளங்கும் வண்ணம் சொல்ல முயல்கிறோம்.

உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பும் இருதயம், தானும் ஒரு தசையே. அதற்கென்று தனி இரத்தக் குழாய்கள் உண்டு. அவற்றுள் ஒன்றில் இரத்தம் கட்டியாகி அடைத்துக்கொண்டால், அதற்கப்பால் உள்ள தசை பட்டினி கிடக்கிறது. அதுவே மாரடைப்பு. துடிப்பின் ஒழுங்கோ வேறு சங்கதி. இருதயத்தின் மேலறையில் ஒரு சிறு இடத்திலிருந்து, ஓய்வான வேளையில் நிமிஷத்துக்கு 60 முதல் 100 முறை வரை மின் சமிக்ஞை கிளம்பி, ஒரே பாதையாகக் கீழறைகளுக்கு இறங்குகிறது. எல்லாத் தசையும் அந்த ஒரு முதலாளியின் சொல்லைக் கேட்கும்வரை துடிப்பு சீராக இருக்கும்.

பட்டினி கிடக்கும் தசை அணுக்களுக்குள் பிராணவாயு இல்லாமையால் அமிலம் சேருகிறது. இரத்தம் திடீரென்று திரும்பும்போது அணுவுக்கு வெளியே உள்ள அமிலம் அடித்துச் செல்லப்பட, உள்ளே உள்ளது மிஞ்சி நிற்கிறது. அதை வெளியேற்ற அணு ஒரு பண்டமாற்றுச் செய்கிறது: அமிலத்தைக் கொடுத்துச் சோடியத்தை வாங்குகிறது. வாங்கிய சோடியம் அளவு மீறவே, அதைக் கொடுத்துக் கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்தை வாங்குகிறது. கொள்ளளவுக்கு மேல் சரக்கு ஏற்றிய கிடங்குபோல் அணு திணறுகிறது. மேலிருந்து உத்தரவு வராமலே தானாகத் துடிக்கத் தொடங்குகிறது. மேலும், எல்லா அணுவும் ஒரே நேரத்தில் தெளிவடைவதில்லை. ஒன்று விழித்திருக்க, பக்கத்தில் உள்ளது இன்னும் மயங்கிக் கிடக்கும். மின் சமிக்ஞை நேர்வழி போகாமல் அங்கேயே வட்டமிடுவதற்கு இது இடங்கொடுக்கிறது.

இது இன்று நேற்றுக் கண்டதன்று. அமெரிக்காவில் டென்னன்ட், விக்கர்ஸ் என்னும் இருவர் நாய்களின் இருதயக் குழாயை அடைத்தும் திறந்தும் பார்த்த ஆராய்ச்சி 1935-ல் வெளியாயிற்று. பிற்காலத்து ஆராய்ச்சிகளில் விசித்திரமான ஒன்று தெரியவந்தது. சிறிது நேரமே அடைபட்டுத் திறந்த நாய்களின் இருதயம் கடுமையாகத் தடுமாறியது. மிக நீண்ட நேரம் அடைபட்டவற்றில் தடுமாற்றம் குறைந்தது. அப்படியானால் தாமதம் நல்லதோ எனில், இல்லை. செத்த தசைக்குக் கலகம் செய்யவும் சக்தியில்லை, அவ்வளவே.

மனிதரில் இத்தடுமாற்றம் ஒரே வகையாக வருவதில்லை. பெரும்பாலும் காணப்படுவது, கீழறை தன் போக்கில் நிமிஷத்துக்கு 60 முதல் 110 வரை அகலமான அடிகளாக அடிப்பது. பார்ப்பவருக்குப் பயங்கரமாக இருக்கும். நோயாளியோ ஒன்றும் அறியாமல் படுத்திருப்பார். பெரும்பாலும் சிறிது நேரத்தில் தானே அடங்கிவிடும், மருந்து வேண்டியதில்லை. இதைக் கண்டால் குழாய் திறந்தது நிச்சயம் என்று ஒரு காலத்தில் டாக்டர்கள் கருதினர். இன்று அதை மட்டும் கொண்டு அப்படி முடிவு கட்டுவதில்லை. இருதயத்தின் அடிப்பக்கத்து அடைப்பு திறக்கும்போது சிலருக்கு நாடி மிகவும் தளர்ந்து, இரத்த அழுத்தம் இறங்கி, வியர்த்துக் கொட்டும். அதற்கு அட்ரோப்பின் மருந்தும் நாளத்தின் வழியே ஏற்றும் நீரும் உண்டு.

உண்மையில் அஞ்சத் தக்கது கீழறை துடிக்காமல் வெறுமனே நடுங்குவது. அப்போது இரத்தம் நகராது. சில விநாடிகளில் நினைவு தப்பும். மார்பின்மேல் மின்சார அதிர்ச்சி கொடுத்தால்தான் அது நிற்கும். தாமதமாகும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும், மார்பை அழுத்தி உதவுவார் இல்லையெனில், பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு குறைகிறது.

இதைக் கேட்டுக் குழாயைத் திறக்கவே பயப்படுவது மதியீனம். இத்தாலி தேசத்தில் 11,806 நோயாளிகளிடம் கட்டி கரைக்கும் மருந்தைச் சோதித்து 1986-ல் முடிவை வெளியிட்டனர். நோய் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் இறந்தவர் நூற்றுக்கு 8.2, பெறாதவர்களில் 15.4. இரத்தம் திரும்புவதால் வரும் தடுமாற்றம் ஆபத்துத்தான். ஆனால் கருவியும் ஆட்களும் பக்கத்தில் இருக்கும்போது வரும் ஆபத்து.

ஆகவேதான் திறந்தபின் குறைந்தது 24 மணி நேரமாவது கருவியோடு பிணைத்து வைக்கிறார்கள். நம்மவர்கள் செய்யும் காரியமோ வேறு. வலி நின்றுவிட்டது, பெருநாள் வியாபாரம் காத்திருக்கிறது என்று, சொந்தப் பொறுப்பில் போவதாகக் கையெழுத்திட்டு இறங்கிவிடுவோரும் உண்டு. முதல் 48 மணி நேரம் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர் அந்தக் கையெழுத்தைப் போடமாட்டார். பார்க்க வருவோருக்கும் ஒன்று சொல்வோம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. இருதயத் துடிப்பை மாற்றவல்ல உப்பு அது. சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு முக்கியமாக, தாதியைக் கேட்காமல் அதைக் கொடுக்கவேண்டாம்.

"துடிப்பு தவறியதே, இதற்கு ஆயுள் முழுதும் மருந்து வேண்டாமா?" என்று கேட்போரும் உளர். மாரடைப்புக்குப்பின் தவறும் துடிப்புகளை அடக்கச் சில மருந்துகள் கொடுத்துப் பார்த்தனர். துடிப்பு அடங்கியது, ஆனால் மருந்து உண்டவரே அதிகமாக மாண்டனர் என்று 1989-ல் தெரிந்தது. அதனால் முதல் நாட்களில் வந்து மறைந்த தடுமாற்றத்துக்காக அப்படிப்பட்ட மருந்தைத் தொடர்வதில்லை. 48 மணி நேரத்துக்குப் பிறகு கீழறை நடுக்கம் வந்தால் மட்டும் விஷயம் வேறு. அதிர்ச்சி தரும் சிறு கருவியை உடலுக்குள் பொருத்துவதா என்று டாக்டர்கள் ஆலோசிப்பர். இரத்தம் கட்டாமலிருக்கக் கொடுத்த மாத்திரைகளை எக்காரணத்தாலும் நாமாக நிறுத்தலாகாது.

இதுவரை சொன்னது ஆஸ்பத்திரியில் நடப்பது. கடையிலும் இதே காரியம் நடக்கலாம். கட்டி சில வேளை தானே சிறிது கரையும். சுருங்கிய குழாய் தானே விரியும். இப்படிச் சுருங்கி விரியும் வகையை பிரின்ஸ்மெட்டல் என்னும் அமெரிக்க டாக்டர் 1959-ல் விவரித்தார். நெஞ்சுவலி வந்து கால் மணியில் போய்விடுகிறது. "வாயுதான்" என்று தைலம் தேய்த்து, ஓமத் தண்ணீர் குடித்து, மீண்டும் பெட்டியடியில் உட்காருகிறோம். இரத்தம் திரும்பிய அந்த நேரத்திலேயே துடிப்பும் தவறலாம்; அங்கே கருவியும் இல்லை, தாதியும் இல்லை. நீரிழிவு உள்ளவர்க்கு வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சுமுட்டலும் மட்டும் வரக்கூடும்.

வலி நின்றாலும் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணுக்குப் பேசுக. நோயாளி தாமே வண்டி ஓட்டிச் செல்லவேண்டாம். நினைவு தப்பி மூச்சு இல்லையெனில், கடைப் பையன்களில் ஒருவர் மார்பின் நடுவே இரு கைகளாலும் ஐந்து சென்டிமீட்டர் ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டிருக்க, மற்றவர் அதிர்ச்சிக் கருவியைக் கொண்டுவர ஓடட்டும். சிங்கப்பூரில் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளத்தில் அது பெட்டிக்குள் தொங்குகிறது; என்ன செய்யவேண்டும் என்று அதுவே வாய்விட்டுச் சொல்லும், தேவையில்லாதவருக்கு அதிர்ச்சி கொடாது. நம் கடைக்கு மிக அருகில் உள்ள பெட்டி எங்கே என்று கடைப் பையன்களுக்கு இன்றே காட்டி வைப்போம்.