ஸ்கானர் பி0301 காட்டினால்: என்ஜின் மிஸ் பண்ணும் காரணத்தைத் தேடும் வரிசை

திருகோணமலையில் உட்துறைமுக வீதியிலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கங்களிலும் வாகனத்தை வெட்டவெளியில் நிறுத்துபவர்கள், வாடைக்காற்றோடு மழை தொடங்கியதும் என்ஜினைக் கவனித்துக் கேட்பது நல்லது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் குலுங்கி, மஞ்சள் என்ஜின் விளக்கு எரிந்தால், ஸ்கானரில் பெரும்பாலும் பி0300 வரிசையில் ஒரு கோட் இருக்கும். அதைப் பார்த்தவுடன் கொயிலுக்கு ஓடர் கொடுக்காதீர்கள். அந்தக் கோட் அதிகபட்சம் எந்தச் சிலிண்டர் மிஸ் பண்ணுகிறது என்று மட்டும்தான் சொல்கிறது. எந்தப் பாகம் பழுது என்று சொல்வதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த நிறுத்தத்துக்கு முன் வந்த விட்ஸ், வாகன்ஆர், அக்வா எல்லாம் இன்று வயதான வாகனங்கள். அவற்றுக்குத் தேவையில்லாத பாகம் வாங்கிச் செலவழிக்க எவரிடமும் காசு மிச்சமில்லை.

முதலில் விளக்கைப் பாருங்கள். நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி வீடு சேரலாம். மினுங்கினால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். எரியாத பெற்றோல் புகைக்குழாய் வழியே கற்றலிற்றிக் கொன்வேட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. சூடு எல்லை மீறினால் கொன்வேட்டர் உள்ளே உருகிவிடும். கந்தளாய் தாண்டும்வரை அப்படியே ஓட்டினால், ஒரு பிளக்கோடு முடியவேண்டிய செலவு கொன்வேட்டர்வரை போய்விடும்.

அடுத்து கோட்டைப் படியுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை சொக்கட் இருக்கும். போனோடு இணையும் சிறிய புளூடூத் ரீடரே பல வாகனங்களுக்குப் போதும். ஜப்பானிலிருந்து வந்த சில பழைய வாகனங்கள் அதற்குப் பதில் சொல்லாது, அவற்றுக்குக் கராஜ் ஸ்கானர் வேண்டும். கோட்டை அழிக்குமுன் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். கோட் விழுந்த நேரத்தில் என்ஜின் எவ்வளவு சூடு, எத்தனை சுற்று, எவ்வளவு லோட் என்பதை ஃப்ரீஸ் ஃபிரேம் காட்டும். அழித்தால் அதுவும் போய்விடும். அவசரப்பட்டு முதல் வேலையாக அழிக்கும் பழக்கம்தான் தேடலை மிகவும் கெடுக்கிறது.

பி0301 என்றால் முதலாம் சிலிண்டர், பி0302 இரண்டாவது, இப்படியே போகும். பி0300 என்றால் குறிப்பிட்ட ஒன்றில் நிற்காமல் மாறி மாறி, அல்லது பலவற்றில் ஒன்றாக. கணினி இதை அறிவது கிராங்கின் வேகத்தை வைத்து. ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது கிராங்குக்கு ஒரு தள்ளு கிடைக்கிறது. தள்ளு வராத இடத்தில் வேகம் சற்றுக் குறைவதைச் சென்சர் பிடிக்கிறது. பொறி வராவிட்டாலும், பெற்றோல் வராவிட்டாலும், கொம்ப்ரெஷன் இல்லாவிட்டாலும் கிராங்குக்குத் தெரிவது ஒன்றேதான்.

இனி சோதனை. டைமிங் செயின் அல்லது டைமிங் பெல்ட் இருக்கும் பக்கத்திலிருந்து எண்ணுங்கள். குறுக்காகப் பூட்டிய டொயோட்டா, சுசுகி என்ஜின்களில் அங்கிருப்பதுதான் முதலாம் சிலிண்டர். என்ஜின் நின்றிருக்கவேண்டும். ஹைபிரிட் என்றால் பவரை அணைத்துச் சாவியையும் தூர வையுங்கள், இல்லாவிட்டால் கை உள்ளே இருக்கும்போதே என்ஜின் தானாக ஸ்டார்ட் ஆகலாம். ஓடும் என்ஜினில் கொயிலை இழுத்துப் பார்க்கும் பழைய பழக்கத்தை விடுங்கள். அதில் வருவது பல்லாயிரம் வோல்ட்.

கொயிலைக் கழற்றுமுன் அதன் வயர் சொக்கட்டைத் திறந்து பாருங்கள். கடலோர வாகனத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். முனைகளில் பச்சைக் களிம்பு இருந்தால் உப்புக்காற்று வேலை செய்துவிட்டது. கொண்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு, ரப்பர் சீலில் சிலிக்கன் கிறீஸ் மெல்லப் பூசிப் பூட்டுங்கள். பிளக் குழிக்குள்ளும் டோர்ச் அடியுங்கள். தண்ணீர் நின்றால் மழையோ சேர்விஸில் அடித்த பிரஷர் வாட்டரோ காரணம். ஒயில் நின்றால் மேல்மூடியின் டியூப் சீல் போயிருக்கிறது. அதை மாற்றாமல் கொயிலை மட்டும் மாற்றினால் புதியதும் ஊறிப்போகும்.

சொக்கட் சுத்தமாக இருந்தால் முதலாம் கொயிலை மூன்றாவதிலும் மூன்றாவதை முதலாவதிலும் போட்டு, கோட்டை அழித்து, ஓட்டிப் பாருங்கள். பி0303 வந்தால் கொயில்தான், சந்தேகமே இல்லை. திரும்பவும் பி0301 வந்தால் கொயில் குற்றமற்றது. பிளக்கை அதேபோல மாற்றிப் போடுங்கள். கழற்றிய பிளக்கின் முகத்தையும் பாருங்கள்: உலர்ந்த கரி என்றால் பெற்றோல் அதிகம், ஒயில் பசை என்றால் ரிங் அல்லது வால்வு சீல், பெற்றோலில் நனைந்திருந்தால் பொறி வரவில்லை. இரிடியம் பிளக்கின் இடைவெளியைக் கத்தி விட்டு நெம்பாதீர்கள், நுனி உடைந்துவிடும்.

கோட் இன்னும் அதே சிலிண்டரில் நின்றால் இன்ஜெக்டரைப் பாருங்கள். இதற்கு மட்டும் என்ஜினை ஓடவிட்டு, நீள ஸ்க்ரூடிரைவரை அதில் வைத்துப் பிடியைக் காதில் வைத்தால் சீரான டிக் டிக் கேட்கவேண்டும். அதுவும் சரியென்றால் கொம்ப்ரெஷன். ஒரு சிலிண்டர் மட்டும் மிகக் குறைவாகக் காட்டினால் அதற்குள் ஒரு கரண்டி என்ஜின் ஒயில் விட்டுத் திரும்ப அளக்கவும். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கஸ்கட்.

பி0300 வந்தால் தேடலும் வேறு. கூடவே பி0171 இருந்தால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது அல்லது பெற்றோல் அழுத்தம் குறைவு. நிறுத்தி வைத்து ஓடும்போது ஃபியூவல் ட்ரிம் கூட்டல் பக்கம் மிக ஏறி, 2500 சுற்றில் இறங்கினால் காற்றுக் கசிவு. சுற்று கூடக்கூட ட்ரிம்மும் ஏறினால் பம்ப், ஃபில்டர் பக்கம் போங்கள். பெற்றோல் அடித்த அன்றே தொடங்கியிருந்தால் டாங்கில் தண்ணீர் கலந்ததா என்று பாருங்கள். பிரியஸ் மூன்றாம் தலைமுறையில் காலைக் குளிரில் மட்டும் குலுங்கி, கூலண்டும் குறைந்துகொண்டே வந்தால், ஈஜிஆர் அடைப்பையும் ஹெட் கஸ்கட்டையும் உடனே பாருங்கள்.

பழுதைச் சரிசெய்தபின் கோட்டை அழித்து, ஒருமுறை நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள். விளக்கு எரியவில்லை என்பதோடு விட்டுவிடாதீர்கள். லேசாக மிஸ் பண்ணினால் முதல் ஓட்டத்தில் கோட் நிலுவையில்தான் விழும். பொதுவாக இரண்டாவது ஓட்டத்திலும் வந்தால்தான் விளக்கு எரியும். ஆகவே ரீடரில் பெண்டிங் கோட் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மறுநாள் காலை, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து ஓட்டி, அதே பக்கத்தை இன்னொருமுறை பாருங்கள்.