கேட்டுச் செய், வாய்விட்டுச் சொல்

அன்புள்ள தங்கைக்கு,

ஜெர்மன் மொழியின் பி2 தேர்வில் தேறிவிட்டாய், விசாவும் கைக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். மனமார்ந்த வாழ்த்துகள். உன்னைப் போலவே பி.எஸ்சி. நர்சிங்கோ ஜி.என்.எம்.மோ முடித்துவிட்டு ஜெர்மனிக்குக் கிளம்பும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுக் கடிதமாக எழுதுகிறேன்.

குளிருக்கு எந்த ஜாக்கெட், பொன்னி அரிசி எங்கே கிடைக்கும் என்பதையெல்லாம் சொல்லித்தர வாட்ஸப் குழுக்கள் இருக்கின்றன. வார்டுக்குள் உன்னைத் திகைக்க வைக்கப்போகும் விஷயங்கள் வேறு. பார்க்கும்போது அவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத விநோதங்களாகத் தெரியும். ஆனால் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றுதான். நம் ஊரில் நல்ல நர்ஸ் என்றால் நோயாளி சொல்லாமலே புரிந்துகொள்பவள். திருக்குறளில் குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. அந்தக் குணத்தை நாம் அவ்வளவு மதிக்கிறோம். அங்கே நல்ல நர்ஸ் என்றால் கேட்டுவிட்டுச் செய்பவள். அதே மாதிரி, உனக்கு என்ன வேண்டும் என்பதையும் அங்கே யாரும் ஊகித்துக்கொள்ள மாட்டார்கள். நீதான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்.

முதலில் உன்னை நோகடிக்கக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஐ.சி.யூ.வில் கண்ணை மூடிக்கொண்டு கேனுலா போட்டவள் நீ. அங்கே அது டாக்டரின் பொறுப்பு. அவர் ஒப்படைத்தால்தான் நர்ஸ் செய்யலாம். உன் படிப்பு அவர்கள் படிப்புக்குச் சமம் என்று அங்கீகாரம் கிடைக்கும்வரை, உதவிச் செவிலியர் என்ற பெயரில் குறைந்த சம்பளத்தில்தான் வேலை. இடைவெளியை நிரப்ப ஒரு பயிற்சிக் காலமோ, ஒரு தேர்வோ முடிக்க வேண்டியிருக்கும். அதுவரை உன் கையில் வருவது வாளித் தண்ணீரும் துணியும். நம் ஊரில் அட்டெண்டரும் ஆயாவும் கூட இருக்கும் உறவினரும் செய்வதை, அதாவது குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, பெட்பேன் வைப்பது எல்லாவற்றையும், அங்கே நர்ஸ்தான் செய்கிறார். இருபது வருட அனுபவம் உள்ளவரும் செய்கிறார். "இதற்காகவா நான்கு வருடம் படித்தேன்" என்று அழுத பெண்களை எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்க் காட்டுகிறேன்.

காலை டியூட்டி ஆறு மணியையொட்டித் தொடங்கும். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போ. வணக்கம் சொல்லி, உன் பெயரையும் சொல். எழுந்து வாஷ்பேசினுக்கு வருகிறீர்களா, படுக்கையிலேயே கழுவலாமா என்று கேள். முகத்துக்கு சோப்பு வேண்டுமா, வெறும் தண்ணீர் போதுமா என்றும் கேட்க வேண்டும். நனைத்த துணியை அவர் கையிலேயே கொடு. முகத்தையும் மார்பையும் அவரே துடைக்க முடியும் என்றால் அவரே துடைக்கட்டும். கை எட்டாத முதுகையும் காலையும் மட்டும் நீ பார்த்துக்கொள். கழுவாத பகுதியைத் துண்டால் மூடி வை. நாம் வேகமாக, பாசமாக எல்லாவற்றையும் நாமே முடித்துவிடுவோம். அங்கே அதைத் தவறு என்பார்கள். நீ செய்துவிட்ட ஒவ்வொன்றும் அவர் தானாகச் செய்யும் பழக்கத்தை இழக்கும் ஒன்று என்பது அவர்கள் கணக்கு. அந்தப் பத்து நிமிடத்தில் உன் கண்ணுக்கு நிறைய வேலை இருக்கிறது. குதிகாலிலும் வால் எலும்புப் பக்கமும் சிவந்திருக்கிறதா? விரலால் அழுத்தி எடுத்த பிறகும் சிவப்பு மாறவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்குகிறது. நேற்றைவிட மூச்சு வாங்குகிறதா, இன்று பேச்சு குழறுகிறதா, கால் வீங்கியிருக்கிறதா? டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். நான்கு வருடப் படிப்பு இந்த வேலையில் வீணாகவில்லை, தங்கை. இதில்தான் செலவாகிறது.

காலை உணவிலும் இதே கதைதான். ரொட்டித் துண்டில் வெண்ணெய் தடவட்டுமா, மேலே ஜாமா, சீஸா, பன்றி இறைச்சித் துண்டா என்று கேட்டுச் செய்ய வேண்டும். நீ சைவமாக இருந்தாலும் அவருக்கு இறைச்சியை எடுத்து வைக்க வேண்டியது உன் வேலை. அதை மட்டும் இங்கிருந்தே மனத்தைத் தயார்செய்துகொண்டு போ.

இரவு டியூட்டியில் ஒரு பெரியவர் தடுமாற்றத்தோடு கட்டிலிலிருந்து இறங்கப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள். நம் கை தானாகக் கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றிவிடும். விழாமல் பார்த்துக்கொள்வதுதானே நம் கடமை? ஜெர்மனியில் அது ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கும் செயலாகச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அவரே தெளிவாக "ஏற்றிவிடுங்கள்" என்றால் ஏற்றலாம். சம்மதம் சொல்லும் நிலையில் அவர் இல்லை, கம்பி தொடர்ந்து தேவை என்றால், அவருடைய சட்டப் பிரதிநிதி சரி என்றாலும் போதாது. நீதிமன்ற அனுமதியும் வேண்டும். நீதிபதி நேரில் வந்து அந்த நோயாளியைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார். உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் முதலில் தடுத்துவிட்டு உடனே அனுமதி கேட்கலாம். ஆனால் கம்பியை நாடும் முன்னால் மற்ற வழிகளை யோசிக்க வேண்டும்: தரையோடு இறங்கும் கட்டில், பக்கத்தில் மெத்தை விரிப்பு, கால் பட்டதும் மணியடிக்கும் மிதியடி. அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இவர் ஏன் எழுந்திருக்கப் பார்க்கிறார்? பெரும்பாலும் சிறுநீர் கழிக்கத்தான்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று உனக்குத் தோன்றலாம். அந்த நாட்டின் வரலாற்றையும் தெரிந்துகொண்டு போ. 1940, 1941 ஆண்டுகளில் நாஜி அரசு மனநோயாளிகளையும் ஊனமுற்றோரையும் ஆறு இடங்களில் விஷவாயுவால் கொன்றது. அப்படி இறந்தவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். அதன் பிறகும் பல மருத்துவமனைகளில் மருந்தாலும் பட்டினியாலும் கொலைகள் நடந்தன. அந்தக் காரியங்களில் செவிலியர்களும் பங்கெடுத்தார்கள். நோயாளியின் நன்மை எங்களுக்குத் தெரியும் என்று மற்றவர்கள் முடிவெடுத்தால் அது எங்கே போய் முடியும் என்பதை அந்த நாடு பார்த்திருக்கிறது. போருக்குப் பின் நடந்த மருத்துவர்கள் வழக்கில், 1947-இல் எழுதப்பட்ட நியூரம்பெர்க் நெறிகளின் முதல் விதியே மனிதரின் சுய சம்மதம்தான். கொலை நடந்த இடங்களில் ஒன்றான ஹடமார் இன்று நினைவிடம். வாய்ப்புக் கிடைத்தால் ஒருமுறை போய்ப் பார். கட்டில் கம்பிக்கு எதற்கு நீதிபதி என்ற கேள்வி அதற்குப் பிறகு உனக்கு வராது.

நோயாளிகளைப் பாட்டி, தாத்தா, அம்மா என்று அழைத்துவிடாதே. நமக்கு அது அன்பு. அவர்களுக்கு அது உரிமை மீறல். திருமதி, திருவாளர் சேர்த்து, குடும்பப் பெயரோடு, மரியாதைப் பன்மையில் பேசு. ஞாபக மறதி முற்றியவரிடமும் அப்படித்தான். இன்னொன்று, தகவல் சொல்வது. "அப்பாவுக்குப் புற்றுநோய் என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள் சிஸ்டர்" என்று இங்கே மகன் நம் கையைப் பிடித்துக் கேட்பார். அங்கே நோயாளிக்குத்தான் முதலில் தெரியும். மகன் போனில் கூப்பிட்டு அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டால்கூட, அந்த அம்மா அனுமதித்திருந்தால்தான் நீ பதில் சொல்லலாம். ரகசியத்தை வெளியிடுவது குற்றவியல் சட்டத்தில் வருகிறது. கடைசிக் கட்டத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைத்திருப்பவர்களையும் நிறையப் பார்ப்பாய். 2009 முதல் அந்த எழுத்துக்குச் சட்ட வலு தெளிவாக உண்டு. மூச்சுக் கருவி வேண்டாம் என்று எழுதியிருந்தால், மகள் கதறினாலும் அந்த எழுத்துதான் நிற்கும். அந்த நேரத்தில் மகளோடு உட்கார்ந்திருப்பது உன் வேலை.

இறந்தவரைக் கழுவும்போதுகூட, "இப்போது உங்களைத் திருப்பப்போகிறேன்" என்று சொல்லிவிட்டுத் திருப்பும் செவிலியர்களை அங்கே பார்ப்பாய். ஆன்மா போகட்டும் என்று ஜன்னலைத் திறந்துவைக்கும் வழக்கமும் பல வார்டுகளில் இருக்கிறது.

இனி உன் பங்குக்கு நீ சொல்ல வேண்டியவை.

காய்ச்சல் என்றால் டியூட்டி தொடங்கும் முன்பே போன் செய்து சொல்லிவிடு; சமாளித்துக்கொண்டு வார்டுக்கு வராதே. என்ன நோய் என்று மேலதிகாரியிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. வேலையில் சேர்ந்து நான்கு வாரம் ஆகிவிட்டால், நோயுற்ற ஆறு வாரம்வரை முழுச் சம்பளம் சட்டப்படி உனக்கு உண்டு. விடுமுறை நாளில் ஆள் இல்லை வா என்று கூப்பிட்டால், முடியாது என்று மரியாதையாகச் சொல்லலாம். அதற்காக யாரும் உன்னைக் கெட்டவள் என்று நினைக்க மாட்டார்கள். நீ சிரித்துத் தலையாட்டினால் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஹேண்டோவரில் வட்டாரப் பேச்சு புரியவில்லை என்றால் அங்கேயே நிறுத்தி, இன்னொரு முறை சொல்லச் சொல். மருந்தின் அளவை ஊகித்துக்கொள்ளும் நர்ஸைவிட, மூன்று முறை கேட்கும் நர்ஸைத்தான் அவர்கள் நம்புவார்கள். சக ஊழியர் உன் தவறை முகத்துக்கு நேரே சொல்வார். அடுத்த நிமிடம் சேர்ந்து காபி குடிக்கக் கூப்பிடுவார். இரண்டுமே மனத்திலிருந்து வருபவைதான். உன் பிறந்தநாளுக்கு நீயே கேக் வாங்கிக்கொண்டு போ. அங்கே அதுதான் முறை.

கையெழுத்துப் போடும் இடத்தில் கூச்சம் கூடவே கூடாது. ஏஜென்சி ஒப்பந்தத்தில், இடையில் வேலையை விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற வரி இருக்கிறதா பார். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரி. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அந்தப் படிவத்தில் மதத்தைக் கேட்பார்கள். கத்தோலிக்கர் என்றோ, அங்குள்ள சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர் என்றோ எழுதினால், வருமான வரியில் 8 அல்லது 9 சதவீதம் திருச்சபை வரியாகச் சம்பளத்திலேயே பிடிப்பார்கள். நம் செவிலியர்களில் கிறிஸ்தவர்கள் நிறையப் பேர் என்பதால் சொல்கிறேன். பொய் எழுதச் சொல்லவில்லை. எதற்காகக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு எழுது. டி.வி. இல்லாத வீட்டுக்கும் ஒலிபரப்புக் கட்டணம் வரும். ஒரு வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும் என்பதால், அறைத் தோழிகளோடு பேசி முடிவு செய்துகொள். ஞாயிறன்று கடைகள் பூட்டியிருக்கும். சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடு.

வாய்விட்டுச் சொல்வதன் பலனுக்கு உன் தொழிலிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1960-களிலேயே கேரளத்து இளம்பெண்கள் திருச்சபைகள் வழியாகவும், தென் கொரியச் செவிலியர்கள் அரசின் ஏற்பாட்டிலும் அங்கே போனார்கள். 1970-களின் பிற்பகுதியில், ஆள் தேவை குறைந்ததும், ஒப்பந்தம் முடிந்த பலரைத் திரும்பிப் போகச் சொன்னார்கள். கொரியச் செவிலியர்கள் வீதியில் நின்று கையெழுத்து திரட்டினார்கள். நாங்கள் சரக்கு அல்ல என்று சொன்னார்கள். தங்கும் உரிமையைப் பெற்றார்கள். இன்று நீ அனுபவிக்கப்போகும் உரிமைகளுக்கு இப்படிக் கேட்டவர்களும் ஒரு காரணம்.

தனிமை அழுத்தும்போது தமிழ் கேட்க வேண்டும் என்றால் ஹாம் நகரத்துக்குப் போ. ஈழத்துத் தமிழர்கள் எழுப்பி, 2002-இல் குடமுழுக்குச் செய்த காமாட்சி அம்பாள் கோயில் அங்கே இருக்கிறது. தேர்த் திருவிழாவுக்குப் பல்லாயிரம் பேர் கூடுகிறார்கள். போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, அந்த நாட்டில் வேர்பிடித்தவர்கள் அவர்கள். முதியோர் இல்லங்களில் வேலை பார்த்த அக்காமாரும் அவர்களில் இருப்பார்கள். உனக்குச் சொல்லித்தர அவர்களிடம் நிறைய இருக்கிறது.

இவ்வளவும் படித்துவிட்டு, இங்கே கற்ற குறிப்பறியும் குணத்தை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டுமா என்று நீ கேட்கலாம். வேண்டாம். வலியை மறைத்துக்கொண்டு படுத்திருப்பவரின் நெற்றிச் சுருக்கம் உன் கண்ணில்தான் முதலில் படும். அது நம் ஊர் வார்டுகளில், கட்டிலுக்குக் கட்டில் நோயாளிகள் நெருக்கியடித்த இடத்தில், நீ சம்பாதித்த சொத்து. அங்கே அதோடு இன்னொரு படி ஏறு. பக்கத்தில் போய், "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் உங்கள் வலி எவ்வளவு?" என்று கேள். அவர் ஏழு என்றால் ஏழு என்று எழுது; உனக்கு நான்கு மாதிரி தெரிந்தாலும் நான்கு என்று எழுதாதே. முதலில் கவனி, பிறகு கேள், அதன் பிறகு கையை வை. இந்த வரிசை பழகிவிட்டால் ஜெர்மனியில் மட்டுமல்ல, நாளை நீ திரும்பிவந்து மதுரையிலோ திருநெல்வேலியிலோ ஒரு வார்டுக்குப் பொறுப்பேற்றாலும், உன்னிடம் வேலை பழகும் பெண்களுக்கு நீ முதலில் சொல்லித்தருவது இதுவாகத்தான் இருக்கும்.

நலமாகப் போய்ச் சேர்.

அன்புடன்,
உன் அக்கா