ரோமக் காசு: வயதைப் பார்த்து விலை பேசாதீர்கள்

சென்னையை ஒட்டிய பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் செடி, மீன்தொட்டி, பழைய மிக்ஸி, கால் உடைந்த நாற்காலி என்று எல்லாம் கிடைக்கும். பழைய காசுகளும் கிடைக்கும். ஆறாம் ஜார்ஜ் அணா, ஓட்டைக் காசு, இருபது பைசா பித்தளைத் தாமரை எல்லாம் தார்ப்பாயில் பரப்பிக் கிடக்கும். தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் காசு சேர்க்கத் தொடங்கும் பலருக்கு இந்த மாதிரிக் கடைகள்தான் பள்ளிக்கூடம். "ரோமன் காயின் சார், ரெண்டாயிரம் வருஷம்" என்று ஒன்று கைக்கு வரும்போது எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது?

நம்பிக்கை: ரெண்டாயிரம் வருஷத்துக் காசு என்றால் லட்சக்கணக்கில் போகும்.

உண்மை: வயதுக்கும் விலைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. படைக்குச் சம்பளம் கொடுக்கவே ரோமப் பேரரசு ஏராளமாகக் காசு அடித்தது. மண்ணுக்குள் போனவை இன்னும் வெளியே வந்துகொண்டிருக்கின்றன. 4, 5ஆம் நூற்றாண்டுகளின் சின்னச் செப்புக் காசு தேய்ந்த நிலையில் இருந்தால், ஐரோப்பாவில் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்கே கிடைத்துவிடும். கரூர் அமராவதி ஆற்று மணலிலும் மதுரை வைகையிலும் நிறையக் கிடைத்தவை இந்த வகைதான். அவற்றைப் பற்றி இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் தனி நூலே வெளியிட்டார்.

விலையை நிர்ணயிப்பவை வேறு: யார் வெளியிட்டது, எந்த வகை, எவ்வளவு தெளிவு, வாங்க எத்தனை பேர் காத்திருக்கிறார்கள். ரோமப் பேரரசர் டைபீரியஸின் வெள்ளிக் காசு அரிதானது அல்ல. ஆனாலும் இயேசுவிடம் காட்டிய வரிக்காசு இதுவாக இருக்கலாம் என்ற எண்ணத்தால் உலகம் முழுக்க அதற்குக் கிராக்கி அதிகம், விலையும் அதிகம்.

"உங்கள் பழைய காசுக்குப் பல லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்" என்று போன் வந்தால் துண்டித்துவிடுங்கள். இப்படிப்பட்ட கொடுக்கல் வாங்கலில் தனக்குப் பங்கே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிவித்தது. அரிசியை இழுக்கும் என்று சொல்லி விற்கப்படும் 1818ஆம் ஆண்டு அனுமார் காசைக் கிழக்கிந்தியக் கம்பெனி அடிக்கவே இல்லை.

நம்பிக்கை: காசிலேயே வருஷம் போட்டிருக்கும்.

உண்மை: கி.மு., கி.பி. என்ற கணக்கு ரோம நாணயத்தில் கிடையாது. அப்படிப் பொறித்த காசை யாராவது நீட்டினால் பேசாமல் நகர்ந்துவிடலாம். காலத்தைச் சொல்பவை அரசனின் முகமும், அதைச் சுற்றி ஓடும், சுருக்கி எழுதிய பட்டங்களும்தான்.

தமிழ்நாட்டில் மிகுதியாகக் கிடைத்த டைபீரியஸ் வெள்ளிக் காசையே எடுத்துக்கொள்வோம். 2011இல் வந்த ஒரு ரூபாய்க் காசின் எடை 3.79 கிராம். இதுவும் ஏறக்குறைய அதே எடைதான், ஆனால் விட்டம் குறைவு, தடிமன் அதிகம். தலைப்பக்கம் வலப்புறம் பார்க்கும் முகம், தலையில் இலை மாலை. சுற்றெழுத்து 'டி சீசர்' என்று தொடங்கி, தெய்வமான பேரரசர் அகஸ்டஸின் மகன் என்று அவரைச் சொல்கிறது. பின்பக்கம் நாற்காலியில் ஒரு பெண், ஒரு கையில் கோல், மறு கையில் கிளை. அவளுக்கு இருபுறமும் 'பான்டிஃப் மாக்ஸிம்', அதாவது தலைமைப் பூசாரி என்ற பட்டம். எழுத்து பாதி தேய்ந்திருந்தாலும் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கும் விதமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அகஸ்டஸின் பிரபலமான வகையில் இரண்டு இளவரசர்கள் கேடயத்தோடும் ஈட்டியோடும் நிற்பார்கள்.

ஆங்கில 'யு' எழுத்து இந்தக் காசுகளில் வராது, அந்த ஒலிக்கும் 'வி'தான். அகஸ்டஸ் என்ற பெயரில் 'யு' தெரிந்தால் அது நம் காலத்துச் சரக்கு.

நம்பிக்கை: எடை சரியாக இருந்து, காந்தத்தில் ஒட்டாவிட்டால் அசல்.

உண்மை: வெள்ளி, செம்பு, ஈயம் எதிலுமே காந்தம் ஒட்டாது. காந்தச் சோதனையில் இரும்புப் போலி மட்டுமே மாட்டும். எடையைச் சரியாக வைப்பது போலி செய்பவருக்குப் பெரிய வேலை இல்லை.

பார்க்க வேண்டியது விளிம்பை. அசல் காசு இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வைத்துச் சுத்தியலால் அடிக்கப்பட்டது. அதனால் வட்டம் சீராக இருக்காது, ஓரத்தில் சின்ன விரிசல் இருக்கலாம், படம் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கலாம். வார்த்த போலியின் விளிம்பில் இரண்டு அச்சு சேர்ந்த கோடு, அதை அரத்தால் தேய்த்த தடம், மேற்பரப்பில் காற்றுக் குமிழி விட்ட புள்ளிகள் தெரியும். எழுத்தின் ஓரங்கள் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கியிருக்கும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று போதும்.

அதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரே தட்டில் இரண்டு காசுகளில் அதே இடத்தில் அதே பள்ளம், அதே கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே அச்சில் அடித்த அசல் காசுகள்கூட அடிபட்ட விதத்திலும் தேய்மானத்திலும் வேறுபடும். கீறல் வரை ஒத்துப்போனால் இரண்டும் ஒரே வார்ப்பில் பிறந்தவை.

நம்பிக்கை: புளி போட்டுத் தேய்த்தால் விலை ஏறும்.

உண்மை: இறங்கும். செம்பின் மேல் நூற்றாண்டுகளாகப் படிந்த கெட்டியான பச்சைக் களிம்பு காசுக்குக் கவசம். சில இடங்களில் எழுத்தே அந்தப் படலத்தில்தான் மிஞ்சியிருக்கும். புளி, எலுமிச்சை, பீதாம்பரிப் பொடி எல்லாம் குத்துவிளக்குக்குச் சரி. காசில் பட்டால் களிம்போடு முகமும் போய்விடும். வெளிர்ப்பச்சையில் மாவு மாதிரி உதிர்ந்தால் அது அரிப்பு நோய். காசை ஈரமில்லாத இடத்தில் மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

நம்பிக்கை: முகத்தில் வெட்டு விழுந்த காசுக்கு மதிப்பில்லை.

உண்மை: ஏலக்கூடத்தில் வெட்டு ஒரு குறைதான், வரலாற்றில் அப்படி இல்லை. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. ஆரம்பகாலப் பொற்காசு ஒன்றின் எடை ஒரு பவுனுக்குச் சற்றே குறைவு. அந்த 501இல் பெரும்பாலானவற்றில் அரசனின் முகத்துக்குக் குறுக்கே உளி வெட்டு இருந்தது. உள்ளேயும் தங்கம்தானா என்று பார்க்க வெட்டினார்கள் என்பது ஒரு விளக்கம். மறுபடி காசாகப் புழங்காமல் வெறும் தங்கமாக நிற்கட்டும் என்று வெட்டினார்கள் என்பது இன்னொன்று. எது சரியானாலும், வெட்டு விழுந்தது இந்தியாவில்தான் என்பதே ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. ரோமப் பேரரசு அடித்த காசை நம் ஊர் எப்படி நடத்தியது என்பதற்கு அந்தக் காயமே சாட்சி.

நம்பிக்கை: ரோமக் காசெல்லாம் கோவை, கரூர் பக்கம்தான்.

உண்மை: கொங்குப் பகுதியில்தான் அதிகம். கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842இல் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் கிடைத்தன. ஆனால் நம் பக்கமும் வெறுங்கை இல்லை. சென்னை மாம்பலத்தில் கிடைத்த ஒரு குவியலில், சின்னங்கள் குத்திய பழங்கால இந்திய முத்திரைக் காசுகள் எழுநூறுக்கும் மேற்பட்டவற்றோடு அகஸ்டஸின் வெள்ளிக் காசு ஒன்று இருந்தது.

அந்த ஒற்றைக் காசை ஒரு வியாபாரியிடம் கொடுத்தால் சாதாரண விலைதான் சொல்வார். ஆனால் முத்திரைக் காசில் அரசன் பெயரோ தேதியோ கிடையாது. அகஸ்டஸ் உடனிருந்ததால், அந்தக் குவியலைப் புதைத்தது அவர் காலத்திலோ அதற்குப் பிறகோதான் என்று சொல்ல முடிகிறது. தனியே பிரித்து விற்றிருந்தால் இரண்டுமே ஊமைதான்.

கிடைத்த ஊர் வேறொரு வகையிலும் உதவும். ரோமப் பேரரசர் நீரோ கி.பி. 64இல் வெள்ளிக் காசின் எடையைக் குறைத்தார். அதற்குப் பிந்தைய வெள்ளிக் காசுகள் தமிழ்நாட்டில் மிகக் குறைவு. இரண்டாம் நூற்றாண்டு வெள்ளிக் காசு ஒன்றைக் காட்டி "கரூர் ஆற்றில் எடுத்தது" என்று சொன்னால், கதையை இன்னொரு தடவை கேளுங்கள்.

நம்பிக்கை: தோண்டும்போது கிடைத்தால் கண்டெடுத்தவருக்கே சொந்தம்.

உண்மை: 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தாம்பரம், பல்லாவரத்துக்காரர்களுக்குச் செங்கல்பட்டு ஆட்சியர். மறைத்தால் சிறைத் தண்டனை வரை போகலாம். தெரிவித்தவருக்கு உரிய பங்கைப் பற்றிச் சட்டமே பேசுகிறது. நூறு வருடத்தைத் தாண்டிய காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது.

ஆகவே வாங்குவதற்கு முன்னால் கண்ணைப் பழக்குங்கள். தாம்பரத்தில் மின்ரயில் ஏறினால் எழும்பூர் அரசு அருங்காட்சியகம் தொலைவில்லை, அசல் ரோமக் காசுகள் அங்கே உண்டு. சந்தை கூடும் வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை, வேறு நாளில் போங்கள். கடையில் காசைக் கையில் எடுத்ததும் "எவ்வளவு?" என்று கேட்காமல் "எங்கே கிடைத்தது?" என்று கேளுங்கள். உருப்படியான பதில் வந்தால் ஊர், யாரிடம் வாங்கியது, எந்தத் தேதி, எடை, விட்டம் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிக் காசோடு வையுங்கள். பதிலே வராவிட்டால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்தக் காசு உங்களுக்கு வேண்டாம்.