கண்ணுக்குள் ஒரு வடிகால்

நான் மருத்துவம் பயில்பவன் அல்லன். நம் கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவன். ஆயினும் ஆண்டு மலருக்குக் கண் நோய் பற்றி எழுதத் துணிந்தேன் என்றால் அதற்குக் காரணம் என் அண்ணன். 2009-இல், அவருக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, கிட்டிப்புள் ஆட்டத்தில் புள் பறந்து வந்து இடக்கண்ணில் அடித்தது. எனக்கு அப்போது மூன்று வயது. அம்மா சொல்லித்தான் தெரியும். கண்ணுக்குள் இரத்தம் கட்டியது; சில நாட்களில் கரைந்தது; பார்வையும் திரும்பியது. வீட்டில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். 2024-இல் கண்ணாடி போடலாமென்று போனவரிடம், "இந்தக் கண்ணில் எப்போதாவது அடிபட்டதுண்டா?" என்று மருத்துவர் கேட்டார். கண்ணின் அழுத்தம் 38 மில்லிமீட்டர் பாதரசம். இயல்பாக 10 முதல் 21 வரைதான் இருக்கும்.

பதினைந்து ஆண்டுக்கு முந்தைய அடி இப்போது எப்படி வேலை செய்யும்? கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று நிமிடத்துக்கு இரண்டு, மூன்று மைக்ரோ லிட்டர் வீதம் ஊறிக்கொண்டே இருக்கிறது. கருவிழியும் ஐரிஸும் கூடும் கோணத்திலுள்ள சல்லடை போன்ற திசு வழியாக அது வடிந்து இரத்தத்தில் சேர்கிறது. மழுங்கிய பொருளால் பலமான அடி விழுந்தால் அந்தக் கோணம் கிழிந்து பின்வாங்கும். கிழிசல் ஆறும், ஆனால் தழும்பேறிய சல்லடை மெல்ல மெல்ல அடைபடும். பத்து, இருபது ஆண்டுகள் கழித்துக்கூட அழுத்தம் ஏறலாம். வலியிருக்காது. பார்வை நரம்பு ஓரத்திலிருந்து அழிந்துகொண்டே வரும், அழிந்தது மீளாது. இதுவே அடிபட்டபின் வரும் கிளாக்கோமா. விளையாட்டில் கண்ணில் அடி வாங்கிய நண்பர்கள் நம் விடுதியிலேயே சிலர் இருக்கிறார்கள். அவர்கள் ஆண்டுக்கொருமுறை கண் அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிட வேலைதான்.

அண்ணனுக்குச் சொட்டு மருந்துகள் போதவில்லை. குழாய் பொருத்தும் அறுவை செய்தார்கள். மெல்லிய சிலிக்கோன் குழாயின் ஒரு முனை முன்னறையில் நுழையும். மறுமுனை, கண்ணின் வெளிச்சுவர்மீது தைத்த ஒரு தகட்டில் முடியும். நீர் தகட்டின் மேல் பரவித் திசுக்களில் உறிஞ்சப்படும். இம்முறையை 1969-இல் வெளியிட்டவர் தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய மோல்ட்டினோ என்னும் மருத்துவர். பின்னர் அடைப்பிதழ் கொண்ட அகமது வால்வும், அடைப்பிதழ் இல்லாத பேர்வெல்ட் குழாயும் வந்தன. பேர்வெல்ட்டை ஒத்த ஒன்றை மதுரை ஆரோலேப் நிறுவனம் 2013 முதல் குறைந்த விலையில் தருகிறது. தகட்டின் பரப்பு 350 சதுர மில்லிமீட்டர். அண்ணனுக்கு வைத்தது அதுதான்.

இங்கேதான் என் பாடம் உதவிற்று. குழாயின் உள்விட்டம் 0.3 மி.மீ. நீளம் 10 மி.மீ. என்றும், நீரின் பாகியல் எண் தண்ணீருக்குரியது என்றும் வைத்துப் பாய்சொய் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 2.5 மைக்ரோ லிட்டர் ஓடினால் குழாயின் இரு முனைக்கும் இடையே அழுத்த வேறுபாடு 2 பாஸ்கல் அளவே, அதாவது 0.016 மி.மீ. பாதரசம்! குழாய் எதையும் தடுப்பதில்லை. திறந்துவிட்ட மதகு அது. 10 மி.மீ. தடை வேண்டுமானால், ஆரத்தின் நான்காம் அடுக்கு விதிப்படி, உள்விட்டம் ஐந்தில் ஒரு பங்காக, 0.06 மி.மீ. ஆக வேண்டும். மயிரிழை போன்ற அந்தத் துளையை ஒரு துளி இரத்தக்கட்டி அடைத்துவிடும். ஆகவே தடையைக் குழாய் தரவில்லை. தகட்டைச் சுற்றி உடலே ஒரு நார்ப்பையைக் கட்டிக்கொள்கிறது. அந்தப் பையின் சுவர்தான் தடை. அது உருவாக ஐந்தாறு வாரம் ஆகும்.

அதுவரை என்ன செய்வது? கரையும் நூலால் குழாயை இறுகக் கட்டிவிடுகிறார்கள். நூல் கரைவதற்குள் பை தயாராகிவிடும் என்பது கணக்கு. அந்த வாரங்களில் அழுத்தம் பழையபடியே இருக்கும். சொட்டு மருந்தும் மாத்திரையும் தொடரும். "அறுத்தும் குறையவில்லையே" என்று அம்மா அழுதது இந்தக் கணக்கு எங்களுக்குப் புரியாததால்தான்.

ஐந்தாம் வார முடிவில் கட்டாயம் வரச் சொல்லியிருந்தார்கள். துணைக்குப் போக வேண்டியவன் நான். எனக்குப் பருவத் தேர்வு. "ஒரு வாரம் தள்ளினால் என்ன அண்ணா?" என்று கேட்டவனும் நானே. அவரும் சித்தாளுக்குப் பதிலாக இரண்டு சிமெண்டு மூட்டை தூக்கியிருக்கிறார். ஆறாம் வாரம் நூல் விட்டுவிட்டது. நீர் சுரப்பதைக் குறைக்கும் மருந்தை நாங்கள் நிறுத்தாமல் விட்டுக்கொண்டிருந்தோம், வடிகாலும் திறந்துகொண்டது. காலையில் எழுந்தவர், "கண் முன்னால் திரை விழுந்த மாதிரி இருக்கிறதுடா" என்றார். அழுத்தம் 4.

கண் இப்படித் தளர்ந்தால் முன்னறை ஆழம் குறைந்து, ஐரிஸ் கருவிழியை நெருங்கும். உள்ளே கோராய்டு படலத்தின் பின்னால் நீர் கோத்து அது உப்பும். அந்த நிலையில் முக்கினாலோ பாரம் தூக்கினாலோ அங்குள்ள இரத்தக்குழாய் அறுந்து, கடும் வலியோடு பார்வையே போகலாம். மூட்டை தூக்கியவருக்கு அது நேராதது எங்கள் நல்வினை.

மருத்துவர் மறுபடி அறுக்கவில்லை. அழுத்த மருந்துகளை எல்லாம் நிறுத்தினார். முன்னறையை ஆழப்படுத்த அட்ரோபின் சொட்டு, வீக்கத்துக்கு ஸ்டீராய்டு சொட்டு, குனியவும் இருமவும் கூடாதென்ற கண்டிப்பு, இரண்டு நாளுக்கொருமுறை சோதனை. லென்ஸோ குழாயோ கருவிழியைத் தொட்டிருந்தால் பிசுபிசுப்பான மருந்துக் கூழை ஊசியால் ஏற்றி முன்னறையை நிறுத்துவார்களாம். கோராய்டு உப்பி எதிரெதிர்ப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டால், வெண்விழியில் கீறி நீரை வடிப்பார்கள். தேவையானால் குழாயை மறுபடி கட்டுவார்கள். எங்களுக்கு அவை எதுவும் வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் வாரம் அழுத்தம் 9.

எதிர்த் தொல்லையும் உண்டு. பை தடித்துப்போய் அழுத்தம் மீண்டும் ஏறலாம். அகமது வால்வில் முதல் சில மாதங்களில் இது மிகுதி. அப்போது சொட்டு மருந்தை முன்கூட்டியே தொடங்குகிறார்கள். அடிபட்ட கண்ணுக்கென்றே ஒரு தனி இடர் இருக்கிறது. லென்ஸைப் பிடித்திருக்கும் நார்கள் அறுந்திருந்தால், பின்னறையின் கூழ் முன்னே நழுவிக் குழாய் வாயை அடைக்கும். அதை வெட்டி எடுத்தால்தான் ஓட்டம் திரும்பும். இரத்தக்கட்டி என்றால் பெரும்பாலும் தானே கரையும். சவ்வு என்றால் லேசர். ஆண்டுகள் கழிந்தபின், குழாயின் மேல்தோல் தேய்ந்து குழாய் வெளித்தெரிவதும் உண்டு. அதைத் தடுக்கத்தான் தானமாகப் பெற்ற கண்ணின் வெண்விழித் துண்டை முதலிலேயே மேலே வைத்துத் தைக்கிறார்கள். என் அண்ணன் கண்ணிலும் யாரோ ஒருவர் கொடுத்த துண்டு இருக்கிறது. குழாய் வெளித்தெரிந்து, கண் சிவந்து வலித்தால் அன்றைக்கே ஓட வேண்டும். கிருமி குழாய் வழியே நேராக உள்ளே போய்விடும்.

சென்ற மாதம் அளந்தபோது அழுத்தம் 14; ஒரே ஒரு சொட்டு மருந்து. மூக்கோரம் இழந்த பார்வை இழந்ததுதான்; கொல்லறு வேலைக்குச் சாரத்தில் ஏறும்போது மட்டும் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறார். கீழே பார்க்கச் சொல்லி மேலிமையைத் தூக்கினால், வெண்விழியில் தகட்டின் மேடு மங்கலாகத் தெரிகிறது. அடுத்த சோதனை என் நான்காம் பருவத் தேர்வு வாரத்தில் வருகிறது. தேதியை மாற்றச் சொல்லவில்லை. தேர்வில்லாத நாளாகப் பார்த்து முதல் பேருந்தில் போய்வரத் திட்டமிட்டிருக்கிறோம்.