வழக்கில் சிக்கிய எரிசக்திப் பங்கு: மலிவு மட்டும் போதுமா?

2018 நவம்பர் 8 அன்று காலை, கலிஃபோர்னியாவின் பாரடைஸ் நகருக்கு அருகே பிஜி அண்ட் ஈ மின் நிறுவனத்தின் பழைய மின்பாதையிலிருந்து தீ கிளம்பியது. 85 பேர் மாண்டார்கள். இழப்பீட்டு வழக்குகள் குவிந்ததால் திவால் மனு கொடுக்கப்போவதாக 2019 ஜனவரியில் நிறுவனம் அறிவித்ததும், அதன் பங்கு ஒரே நாளில் பாதி விலைக்கு வந்தது.

அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறதே என்று அப்போது பலர் வாங்கினார்கள். ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் மின்சாரமும் எரிவாயுவும் தரும் நிறுவனத்தை அரசு மூழ்க விடுமா என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு பொய்க்கவில்லை. 2020 ஜூலையில் நிறுவனம் திவாலிலிருந்து மீண்டது. ஆனால் அதற்கான பணத்தில் ஒரு பகுதி புதுப் பங்குகளை விற்றுத் திரட்டப்பட்டது. தீயில் பாதிக்கப்பட்டவர்களுக்கான 1,350 கோடி டாலர் இழப்பீட்டில் பாதி, பங்குகளாகவே தரப்பட்டது. நிறுவனம் பிழைத்தது, பழைய பங்குதாரரின் பங்கு சுருங்கிப்போனது. 2017 செப்டம்பரில் 70 டாலர் வரை விற்ற பங்கு, 2020 கோடையில் 9 டாலரை ஒட்டி நின்றது.

பிபி எண்ணெய் நிறுவனத்தின் கதை வேறு.

2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் பிபிக்காக இயங்கிய டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். பங்கு விலை இரண்டே மாதங்களில் பாதிக்கும் கீழே இறங்கியது, ஈவுத்தொகை நிறுத்தப்பட்டது. ஆனால் பிபியிடம் விற்றுக் காசாக்க உலகெங்கும் சொத்துகள் இருந்தன. 2015இல் அமெரிக்க மத்திய, மாநில அரசுகளுடன் செய்துகொண்ட 1,870 கோடி டாலர் சமரசத்தையும் 18 ஆண்டுகள் வரை தவணையில் கட்ட வழி கிடைத்தது. ஈவுத்தொகை 2011லேயே திரும்பிவிட்டது.

இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்த பிறகு, வழக்கில் உள்ள எந்தப் பங்கையும் நான் சில கேள்விகளோடுதான் அணுகுகிறேன். தொகைக்கு உச்சவரம்பு உண்டா? கலிஃபோர்னியச் சட்டப்படி, மின்கம்பியால் தீ பரவினால் நிறுவனத்தின் கவனக்குறைவு நிரூபணமாகாவிட்டாலும் சொத்திழப்பை அதுவே ஈடுகட்ட வேண்டிவரும். அப்படிப்பட்ட இடத்தில் ஒவ்வொரு வறண்ட கோடையும் புது வழக்கைக் கொண்டுவரலாம். அடுத்து, பணம் எப்போது, எங்கிருந்து வரும்: சொத்து விற்பனையா, கடனா, புதுப் பங்கா? இதற்கு ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளில் ‘கன்டின்ஜென்ட் லயபிலிட்டி’ (பின்னால் வரக்கூடிய பொறுப்புகள்) பகுதியைப் படிக்கிறேன். வழக்குத் தொகையை ரொக்க இருப்போடும் ஆண்டு லாபத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

கட்டணத்தை உயர்த்தும் அதிகாரம் யார் கையில் என்பதும் முக்கியம். குஜராத்தின் முந்த்ராவில் 4,000 மெகாவாட் நிலையத்துக்கு டாடா பவர் யூனிட் 2.26 ரூபாய் என ஏலம் எடுத்தது. பிறகு, அந்த நிலையத்துக்கு நிலக்கரி வந்த இந்தோனேசியா தன் நிலக்கரி விலை விதிகளை மாற்ற, எரிபொருள் செலவு ஏறியது. அந்தக் கூடுதல் செலவைக் கட்டணத்தில் ஏற்ற முடியாது என்று 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின்நிலையப் பங்கு வாங்குபவர்கள், எரிபொருள் விலை ஏறினால் சுமப்பது யார் என்பதை மின்கொள்முதல் ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டுப் பணத்தைப் போடட்டும்.