வீட்டுத் தோட்டத்தில் அரிய மிளகாய் இரகங்கள்: விதை கலவாமல் காப்பது எப்படி?

சேலம், நாமக்கல் சமவெளிப் பகுதி விவசாயிகளுக்கு மிளகாய் புதிய பயிரன்று. சந்தைக்கென்று பயிரிடும்போது விளைச்சலையும் விலையையும் பார்த்து ஒரே இரகத்தை நடுகிறோம். வீட்டுக் கிணற்றடியில் நாலைந்து செடி வைக்கும்போது ஆசை வேறு. இராமநாதபுரம் சென்றவர் கொண்டுவந்த முண்டு, உறவினர் தந்த காந்தாரி, வடகிழக்கில் பணிபுரியும் பிள்ளை விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்த நாகா மிளகாய் என்று பலவும் ஒரே பாத்தியில் இடம்பெறுகின்றன.

முதல் ஆண்டு எல்லாம் நன்றாகவே காய்க்கும். பழத்தை உலர்த்தி விதை எடுத்து மறு ஆண்டு விதைத்தால்தான் சிக்கல். முண்டு உருண்டையாக இல்லாமல் நீண்டு வருகிறது. காரமில்லாத குடை மிளகாயின் விதையில் முளைத்த செடி வாயை எரிக்கிறது. "மண் ஒத்துக்கொள்ளவில்லை" என்று நாம் சொல்கிறோம். மண்மீது குற்றமில்லை. பக்கத்துச் செடியின் மகரந்தம் கலந்துவிட்டது என்பதே காரணம்.

எந்த மிளகாய் வைக்கலாம்?

முண்டு: இராமநாதபுரம் மாவட்டத்தின் பெயர்பெற்ற உருண்டை மிளகாய். 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. தாளிப்பதற்கு ஏற்றது.

பியாடகி: கர்நாடகத்தின் ஹாவேரி மாவட்டத்து மிளகாய். தோல் சுருங்கிய நீண்ட காய். காரம் குறைவு, நிறம் மிகுதி. குழம்புக்கு நல்ல சிவப்பு தரும்.

காந்தாரி: கேரளத்திலும் கன்னியாகுமரிப் பகுதியிலும் வீடுதோறும் காணப்படுவது. சிறிய காய்கள் வானம் நோக்கி நிற்கும். ஓரளவு நிழலையும் தாங்கிச் சில ஆண்டுகள் நின்று காய்க்கும். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை. அவை பழத்தைத் தின்று எச்சமிடும் மரத்தடியில் கன்றுகள் தாமாக முளைப்பதும் உண்டு.

நாகா மிளகாய்: நாகாலாந்து, அசாம், மணிப்பூர் பகுதிகளுக்கு உரியது. பூத் ஜொலோகியா என்றும் பெயர். 2007-ஆம் ஆண்டில் உலகின் மிகக் காரமான மிளகாய் என்று கின்னஸ் பதிவு பெற்றது. பின்னர் வேறு மிளகாய்கள் அதை மிஞ்சிவிட்டன. எனினும் ஒரு குடும்பத்துக்கு ஒரு செடியே மிகுதி.

கலப்பு நேரும் விதம்

மிளகாய்ப் பூவில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உள்ளன. ஆகவே தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும். ஆனால் தேனீயும் எறும்பும் பூவுக்குப் பூ செல்லும்போது அயல் மகரந்தமும் சேர்கிறது. இக்கலப்பு மிகக் குறைவாகவும் இருக்கலாம், தேனீ நடமாட்டம் மிகுந்த இடத்தில் பாதிக்கு மேலும் போகலாம்.

முண்டு, சம்பா, பியாடகி, குடை மிளகாய் ஆகியவை ஒரே இனம். எளிதில் கலக்கும். நாகா வேறு இனமாயினும் இவற்றோடு கலக்கக் கூடியதே. காந்தாரி மற்றவற்றோடு அவ்வளவு எளிதில் கலப்பதில்லை.

இங்கே ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். கலப்பினால் இந்த ஆண்டுக் காயின் வடிவமோ காரமோ மாறுவதில்லை. காயின் சதை தாய்ச்செடிக்கு உரியது. விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணிறச் சதையில்தான் காரம் உண்டாகிறது. அதுவும் தாய்ச்செடியின் பகுதியே. கலப்பு விதைக்குள் மறைந்திருந்து அடுத்த ஆண்டே வெளிப்படும். ஆகவே காயைப் பார்த்து விதை தூய்மையானது என்று முடிவு செய்யக் கூடாது.

சான்று விதை உற்பத்தி செய்பவர்கள் வேறு இரக மிளகாயிலிருந்து 200 மீட்டர் விலகி நடுகிறார்கள். வீட்டுத் தோட்டத்தில் அது இயலாது. அதற்கு மாற்று, பூவுக்குப் பை கட்டுவதுதான்.

நாற்றும் நடவும்

ஆனி மாதத்தில் விதைத்தால் ஐப்பசி முதல் தை வரையுள்ள குளிர்ந்த நாட்களில் பூத்துக் காய்க்கும். கோடை வெயிலில் பூக்கள் உதிர்ந்துவிடும். செம்மண், மணல், மட்கிய தொழு உரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து தொட்டியில் நிரப்பி விதைக்கவும். மற்ற இரகங்களை 40 நாளில் பிடுங்கி நடலாம். நாகா முளைக்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பொறுமை வேண்டும்.

செடிக்குச் செடி 60 செ.மீ., காந்தாரிக்கு 90 செ.மீ. இடைவெளி விடவும். நாகாவுக்குக் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் இடம் நல்லது. நாமக்கல் பகுதியில் கோழி எரு எளிதில் கிடைக்கிறது. அதைப் பச்சையாக இட்டால் வேர் கருகும். நன்கு மட்கிய பின்னரே இட வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது.

இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன் தாக்குதல், கீழ்நோக்கிச் சுருண்டால் முரணைச் சிலந்தி என்று அறியலாம். இலைப்பேனுக்கு 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கவும். சிலந்திக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 3 கிராம் கலந்து தெளிக்கலாம். தேமல் கண்ட செடியைப் பிடுங்கி அழித்துவிடவும்.

விதைக்குப் பை கட்டும் முறை

1. இரகத்தின் குணம் மாறாத, நோயற்ற செடியைத் தேர்ந்தெடுக்கவும்.

2. மொக்குகள் நிறைந்த ஒரு கிளையில் விரிந்த பூக்களையும் பிடித்த காய்களையும் கிள்ளி எறியவும். விரியாத மொக்குகள் மட்டும் இருக்கட்டும்.

3. பழைய மல் துணியில் தைத்த பையைக் கிளைக்கு மாட்டி, அடியில் நூலால் தளர்வாகக் கட்டவும். பாலித்தீன் பை கூடாது. உள்ளே வெப்பம் மிகுந்து பூ கருகிவிடும்.

4. நாள்தோறும் காலையில் பையை மெல்லத் தட்டிவிடவும். மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும்.

5. ஐந்தாறு பிஞ்சு கண்டதும் பையை நீக்கி, அக்காய்களின் காம்பில் வண்ண நூல் கட்டவும். பிறகு விரியும் பூக்களின் காய்கள் சமையலுக்கே.

6. நூல் கட்டிய காய்கள் செடியிலேயே நன்கு பழுக்கட்டும். புள்ளியோ அழுகலோ இல்லாத பழங்களை நிழலில் உலர்த்தி விதை எடுக்கவும். இரகத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதி, காற்றுப் புகாத புட்டியில் ஈரமில்லாமல் வைக்கவும்.

எச்சரிக்கை

நாகா, காந்தாரிப் பழங்களில் விதை எடுக்கும்போது கையுறை அணிய வேண்டும். கண்ணைத் தொடக் கூடாது. காரம் நீரில் கரையாது. கை எரிந்தால் எண்ணெய் தடவிப் பின்னர் சோப்பினால் கழுவவும். வாய் எரிந்தால் மோரோ பாலோ குடிக்கவும். நாகா செடியைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது நல்லது.

அரிய மிளகாயை வாங்கி வைப்பது எளிது. அதன் குணம் மாறாமல் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்வதே கடினம். ஒரு முழம் மல் துணி இருந்தால் அது கைகூடும். அக்கம்பக்கத்தார் விதை கேட்டால் நூல் கட்டிய காயின் விதையையே கொடுங்கள். ஐயமிருப்பின் உங்கள் பகுதி வேளாண்மை அறிவியல் நிலையத்தை அணுகி விளக்கம் பெறலாம்.