தானியங்கிக் கியர் ஒயிலும் சென் ஜேம்ஸ் ரவுண் வாகனங்களும்

ரொறன்ரோவில் ஷேர்போர்ண் வீதிக்கும் பார்லிமென்ட் வீதிக்கும் இடையே, 1960களில் எழுந்த அடுக்குமாடிகளின் தொகுதியான சென் ஜேம்ஸ் ரவுண், 1980களில் இருந்து ஈழத்தமிழர் வந்து குடியேறிய இடங்களுள் ஒன்று. நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் நிற்கும் ஒரு குடும்பத்தின் எஸ்.யூ.வி, வார நாட்களில் பள்ளிக்கும் கடைக்கும் சிறு தூரம் ஓடி, சிவப்பு விளக்குக்கு விளக்கு நின்று, சனி ஞாயிறுகளில் டொன் வலி நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து ஸ்காபரோ போய்வருகிறது. கடுங்குளிரிலான குறும்பயணங்களையும் ஓயாமல் நின்று நின்று ஓடுவதையும் வாகனக் கைந்நூல்கள் பொதுவாகக் ‘கடினப் பயன்பாடு’ என்றே வகுக்கின்றன. ஆகவே, ‘வாழ்நாள் முழுவதும் மாற்றத் தேவையில்லை’ என்று சொல்லப்படும் ட்ரான்ஸ்மிஷன் ஒயிலை இந்த வாகனங்களில் அப்படியே நம்பி விட்டுவிடுவது தகாது.

இந்த ஒயில் உராய்வைக் குறைப்பதோடு நிற்பதில்லை. இயந்திரத்தின் சுழற்சியைத் திரவத்தின் வழியாகக் கியர்ப் பெட்டிக்குக் கடத்தும் ரோர்க் கொன்வேர்ட்டர், கியர்களைப் பற்றிப்பிடிக்கும் கிளச்சுத் தட்டுகள், அவற்றை அழுத்தத்தால் இயக்கும் வால்வுகள் ஆகிய மூன்றும் இதை நம்பியே இயங்குகின்றன. கிளச்சு வழுக்காமலும் திடுமெனக் கவ்வாமலும் இருக்கத் தேவையான உராய்வுப் பண்பைத் தருவதற்கு, 1970களின் தொடக்கம் வரை திமிங்கில எண்ணெய் இதில் கலக்கப்பட்டது என்பதும், அது தடைசெய்யப்பட்டபின் இரசாயனக் கலவைகள் அதனிடத்தைப் பிடித்தன என்பதும் இப்பண்பு எவ்வளவு நுட்பமானது என்பதை உணர்த்தும். இக்காரணத்தால்தான் ரொயோட்டாவின் டபிள்யூஎஸ், ஹொண்டாவின் டிடபிள்யூ-1 போன்ற ஒயில்கள் ஒன்றுக்கொன்று பதிலாகா. கியர்ப் பற்சக்கரங்களுக்குப் பதிலாக உருக்குப் பட்டியும் கப்பிகளும் கொண்ட சிவிடி வகைக்கு, நிசான் ரோக்கின் என்எஸ்-3 போலத் தனி ஒயிலே ஊற்றப்பட வேண்டும். எல்லா வாகனத்துக்கும் பொருந்தும் என்ற போத்தலை மலிவென்று வாங்குவது சிக்கனமாகாது.

வடிகால் நட்டைக் கழற்றினால் முழு ஒயிலும் வந்துவிடும் என்று எண்ணுவோர் பலர். ரோர்க் கொன்வேர்ட்டருக்குள்ளும் குழாய்களிலும் தங்கியது அங்கேயே நிற்கும். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்கு மாறுகிறது என்று கொண்டால், இடையில் வாகனத்தை ஓட்டி மூன்று தடவை மாற்றினாலும் ஏறத்தாழ 70 விழுக்காடே புதியதாகும். ஆயினும் இந்த மெதுவான முறையே, நெடுங்காலம் கவனிக்கப்படாத கியர்ப் பெட்டிக்கு, அழுத்தத்தால் கழுவும் இயந்திர முறையை விடப் பாதுகாப்பானது. ஏற்கெனவே வழுக்கும் கியர்ப் பெட்டியைப் புதிய ஒயில் குணப்படுத்தும் என்று எதிர்பார்ப்பதும் பிழை.

வேலையின் உயிர்நிலை ஒயில் மட்டத்தை அளப்பதிலேயே உள்ளது. பழைய ஹொண்டா சிஆர்-விகளில் டிப்ஸ்ரிக் உண்டு. அதில் பார்ப்பதற்கும் சூடேறிய இயந்திரத்தை நிறுத்திச் சிறிது நேரத்துக்குள் பார்க்க வேண்டும் எனக் கைந்நூல் வரையறை வைத்துள்ளது. டிப்ஸ்ரிக் இல்லாத பல ரொயோட்டாக்களில், வாகனம் கிடைமட்டமாக நிற்க, இயந்திரம் ஓட, ஒயிலின் வெப்பம் ஏறத்தாழ 40 முதல் 45 பாகை செல்சியஸுக்குள் இருக்கும்போது (வரம்பு மொடலுக்கு மொடல் மாறும்), வழிவுத் துளையில் இருந்து ஒயில் மெல்லிய நூலாகச் சொட்டும் அளவே சரியானது. ஒயில் சூடேறினால் விரிவதால், அதிகச் சூட்டில் அளந்தால் குறைவாகவும், குளிரில் அளந்தால் மிகையாகவும் முடியும். சாய்தளம் கொண்ட நிலக்கீழ்த் தரிப்பிடம் இதற்கு ஒவ்வாது. அங்கே வாகனம் திருத்துவதைக் கட்டட நிர்வாகங்களும் பொதுவாக அனுமதிப்பதில்லை. எனவே கராஜுக்குக் கொண்டுசெல்வோர், ‘எந்த வெப்பநிலையில் மட்டம் பார்ப்பீர்கள், அண்ணை?’ என்று முன்கூட்டியே கேட்பது நல்லது. தொழில் அறிந்தவர் வெப்பநிலை காட்டும் கருவியை இணைத்து அளவைக் காட்டுவார்.

தானே செய்பவர் வடிகால் நட்டைத் தொடுமுன் நிரப்பும் நட்டைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். துருப்பிடித்து அது கழலாவிட்டால், காலிக் கியர்ப் பெட்டியோடு வாகனம் அசையாது நின்றுவிடும். வடிந்த ஒயிலின் நிறம் சிவப்பில் இருந்து பழுப்பாக மாறியிருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. உலோகத் தூளைப் பிடிக்க உள்ளே வைத்துள்ள காந்தத்தில் மென்மையான சாம்பல் பசை படிவதும் இயல்பே. விரலில் நெருடும் உலோகச் சில்லும் எரிந்த வாடையும்தான் தேர்ந்த மெக்கானிக்கை நாடச் சொல்லும் குறிகள். வடிந்த அளவைக் குறித்து, புதிய வாசரோடு வடிகால் நட்டை இறுக்கி, அதே அளவை முதலில் ஊற்றியபின், மேற்கூறியவாறு மட்டம் பார்க்க வேண்டும்.

பழைய ஒயிலைக் கழிவுநீர்த் துளையிலோ குப்பைப் பையிலோ போடலாகாது. மூடிய கலத்தில் அடைத்து, கொமிஷனர்ஸ் வீதியில் உள்ளது போன்ற நகராட்சியின் கழிவு ஒப்படைப்பு நிலையத்தில் கொடுக்கலாம்; கராஜில் மாற்றினால் அவ்வேலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.